கால்நடை மருத்துவர் பதில்கள்: கல்யாணக் குதிரையின் வயிறு

கேள்வி: கல்யாண ஊர்வலத்துக்காக இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு மண்டபத்தில் மிஞ்சிய சோற்றையும் பூரியையும் தின்ற பெட்டைக் குதிரை, இரவில் தரையைக் காலால் கீறியது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. கடுகெண்ணெயை வாயில் ஊற்றி ஓடவிடச் சொன்னார் பக்கத்து லாயக்காரர். நல்லவேளை, அதற்குள் மருத்துவர் வந்து காப்பாற்றினார். இனி இப்படி வந்தால் எண்ணெய் கொடுக்கலாமா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: கூடாது தம்பி. மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டிய பழக்கத்தைக் குதிரையிடம் காட்டாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்றுவலியில் பிழைத்த குதிரை நிமோனியாவில் சாகும். நாங்களும் எண்ணெய் கொடுப்பதுண்டு. மூக்கு வழியாக இரைப்பை வரை குழாய் விட்டுத்தான் கொடுப்போம். அதே குழாயில்தான் உள்ளே தேங்கிய நீரையும் வாயுவையும் வெளியேற்றுவோம். குதிரைக்கு வாந்தி வராது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பையின் கொள்ளளவு சுமார் 15 லிட்டர்தான். தேக்கம் மிஞ்சினால் கிழிந்தே போகும்.

வலி வந்ததும் தீனியை எடுத்துவிடுங்கள். தாடையடியில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு, 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். விலாவில் காது வைத்தால் குடல் இரைச்சல் கேட்க வேண்டும், நிசப்தம் கெட்ட அறிகுறி. புரண்டால் மெல்ல நடத்துங்கள், ஓட்டாதீர்கள். பழைய சீட்டில் மிஞ்சிய வலி ஊசியைப் போட்டால் நோய் மறைந்துகொள்ளும், குடல் முறுக்கியிருப்பது எங்களுக்கே தெரியாமல் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சோறும் மாவும் பெருங்குடலில் புளித்தால், ஓரிரு நாளில் கேடு குளம்புக்கு இறங்கும். முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், குளம்பு சுடும், திரும்பத் தயங்கும். பனிக்கட்டி நீரில் கால்களை நிறுத்திவிட்டு எங்களை அழையுங்கள். லாடக்காரர் பிறகு வரட்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா ஆசையாக லட்டு நீட்டுவார். தடுக்க வேண்டியவர் நீங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தொலைபேசி எண்ணையும், குதிரை ஏற்றும் வண்டிக்காரரின் எண்ணையும் லாயத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்கு மூக்கில் சீழ் வடிகிறது; காலில் கட்டிகள் உடைகின்றன. சளிதானா?
– வாசகர், அல்சூர்

பதில்: சளி காலில் கட்டியாக வராது. குதிரையினத்தைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியாத் தொற்றுநோய் என்று சந்தேகிக்கிறேன். மனிதருக்கும் தொற்றும். குதிரையைத் தனியே கட்டுங்கள், அதன் வாளியை மற்றவற்றுக்கு வைக்காதீர்கள், கையுறையின்றித் தொடாதீர்கள். இன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்; 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அது கட்டாயம். ரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிப்பார்கள். உறுதியானால் சிகிச்சை தருவதில்லை, கருணைக்கொலைதான். உரிமையாளருக்கு அரசு இழப்பீடு உண்டு. இரவோடிரவாக வேறு ஊருக்கு விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை லாயத்துக்குள் விடாதீர்கள்.