ராணுவ உயர்கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள், சீருடை போடாமல் சிவில் அதிகாரியாகவே ராணுவத்தின் உயர்நிலைக் கல்லூரியில் படிக்க ஆசைப்படுகிறாள் என்றும், அதற்குத் தயார்செய்வதாகச் சொல்லி ஒரு பயிற்சி மையம் முன்பணம் கேட்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். ராணுவத்தின் உயர்நிலைக் கல்லூரியில் சிவில் அதிகாரியாகப் போய்ப் படிப்பதற்கு நுழைவுத் தேர்வு என்று ஒன்று இல்லை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை அதற்கென்று தயார்செய்ய எந்த மையத்தாலும் முடியாது. என்.டி.ஏ.வையும் என்.டி.சி.யையும் அவர்களே குழப்பிக்கொண்டிருக்கலாம். நீங்கள் குழம்பினால் தங்களுக்கு லாபம் என்று பேசாமலும் இருந்திருக்கலாம்.

என்.டி.ஏ. என்பது புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி. பிளஸ் டூ முடிக்கிறவர்கள் யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதிப் போகும் இடம். அங்கே போனால் சீருடைதான். என்.டி.சி. என்பது புது டெல்லியில், தீஸ் ஜனவரி மார்க்கில் இருக்கும் தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. 1960 ஏப்ரலில் நேரு தொடங்கிவைத்தார். லண்டனில் அப்போது இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜ் என்ற பெயரில் நடந்துவந்த கல்லூரிதான் முன்மாதிரி. இங்கே மாணவர் என்றால் பிரிகேடியர், கடற்படையில் கமடோர், விமானப்படையில் ஏர் கமடோர். அவர்களோடு ஒரே வகுப்பில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானிகள், நட்பு நாடுகளின் அதிகாரிகள். எல்லோருக்கும் காதோரம் நரைத்திருக்கும். உங்கள் மகளுக்கு இப்போதுதான் பதினேழு.

அவள் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிற வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் இதற்கு முந்தைய படி. பிரிவினையில் அதுவரை இருந்த குவெட்டா ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தான் பக்கம் போய்விட, 1947-இல் இந்தியாவுக்கென்று நீலகிரியில் தொடங்கியது. மேஜர் நிலையிலும் அதற்கு இணையான நிலையிலும் உள்ளவர்கள் சுமார் 45 வாரம் படிக்கிறார்கள். சிவில் பணியிலிருந்து சிலரும் அங்கே வருவதுண்டு. அப்படி ஒருவர் புடவையில் உள்ளே போவதை மகள் பார்த்ததாகவும், அன்றிலிருந்துதான் இந்தப் பேச்சு என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல கண் அவளுக்கு. ஆனால் அந்த அம்மையாரும் வெலிங்டனுக்கு விண்ணப்பம் போட்டுச் சேர்ந்திருக்க மாட்டார். துறை அனுப்பித்தான் வந்திருப்பார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதன் அடிப்படையே இதுதான். அங்கே நாமாகப் போக முடியாது, அனுப்பப்பட வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பணியைக் கட்டுப்படுத்தும் அமைச்சகம் பெயர்களைக் கேட்கிறது. ஐ.ஏ.எஸ். என்றால் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை, ஐ.பி.எஸ். என்றால் உள்துறை, ஐ.எஃப்.எஸ். என்றால் வெளியுறவுத் துறை. அதிகாரி தன் விருப்பத்தைத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். அவர் மாநிலத்தில் பணியாற்றினால், விடுவிக்க மாநில அரசு சம்மதிக்க வேண்டும். என்.டி.சி.க்குப் பெரும்பாலும் இயக்குநர் நிலையிலிருந்து இணைச் செயலாளர் நிலை வரை உள்ளவர்களையே எடுக்கிறார்கள். 26 வயதில் ஐ.ஏ.எஸ். ஆகும் ஒருவர் மத்திய அரசில் இயக்குநர் நிலையைத் தொடவே சுமார் 14 ஆண்டு ஆகும். கணக்கு உங்களுக்கே புரியும்.

பெயர் மேலே போன பிறகு பேசுவது கோப்புதான். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை. ஒவ்வோர் அதிகாரிக்கும் ஆண்டுதோறும் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை எழுதப்படுகிறது. பழைய ஆட்கள் இன்னமும் அதை 'சி.ஆர்.' என்பார்கள். பத்துக்கு மதிப்பெண். எட்டும் அதற்கு மேலும் வாங்கினால் மிகச் சிறப்பு, ஆறிலிருந்து எட்டுக்குள் என்றால் மிக நன்று. ஒரு காலத்தில் இது ரகசியம். 2009-க்குப் பிறகு முழு அறிக்கையையும் அதிகாரிக்குக் காட்டுகிறார்கள், அவர் ஆட்சேபமும் எழுதலாம். ஆனாலும் முப்பது வயதில், ஏதோ ஒரு மாவட்டத்தில், மேலதிகாரியோடு ஒத்துப்போகாத ஓர் ஆண்டில் விழுந்த ஐந்தரை மதிப்பெண் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும்.

அடுத்தது விஜிலன்ஸ் தடையின்மை, அதாவது அதிகாரி மீது ஊழல், ஒழுங்கு நடவடிக்கை என்று எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று. ஊழல் வழக்கோ துறை விசாரணையோ இருந்தால் பெயர் நகராது, அது நியாயம். ஆனால் அசையாச் சொத்து விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டாலும் அந்தத் தடையின்மை கிடைக்காது. சொந்த ஊரில் அப்பா பெயரில் இருந்த இரண்டு சென்ட் மனை பாகப்பிரிவினையில் தன் பெயருக்கு வந்ததை எழுத மறந்தவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாற்பத்தைந்து வயதில் கிடைக்கும் ஒரு படிப்புக்கு இருபத்தெட்டு வயதிலிருந்தே காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். இதை எந்தப் பயிற்சி மையமும் சொல்லித்தராது.

டெல்லியில் எல்லோரும் இந்த இடத்துக்கு முட்டிமோதுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். படிப்பு 47 வாரம். ஜனவரியில் தொடங்கி ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதுவரை வகித்த பொறுப்பை விட வேண்டும். குடும்பம் டெல்லிக்கு மாற வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி தேட வேண்டும். முடித்துத் திரும்பினால் இன்ன பதவி என்று எழுதிக்கொடுத்த உத்தரவாதமும் இல்லை. அதனால் இதை 'ஓராண்டு ஓய்வு' என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. ஓர் அதிகாரியை ஓரங்கட்ட இதுவும் ஒரு வழி என்ற முணுமுணுப்பும் உண்டு. அந்தக் கேலியை நான் ஏற்கவில்லை.

காரணம் சொல்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. அங்கே ஓடுபாதை கடற்படையுடையது, பயணிகள் விமான நிறுவனத்தின் பொறுப்பு, அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் மாநில அரசின் வேலை. தெருவில் படகு ஓட்டியவர்களில் ராணுவத்தாரும் இருந்தார்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் இருந்தார்கள், மீனவர்களும் இருந்தார்கள். இப்படி ஒரு நாளில் யார் யாரைக் கேட்க வேண்டும், ராணுவத்தை அழைக்கும் அதிகாரம் யாருக்கு, அழைத்த பிறகு உத்தரவு யாருடையது என்பதெல்லாம் தெரியாத அதிகாரி கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார். எதிரே இருக்கும் கமடோரோடு முன்பே ஓராண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டவர் போனை எடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்தப் படிப்பு. போர்த் தந்திரத்தைச் சிவில் அதிகாரிக்குக் கற்றுக்கொடுப்பது இரண்டாம்பட்சம்.

பாடமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இந்தியச் சமூகமும் அரசியலும், பொருளாதாரமும் அறிவியலும், உலகப் பிரச்சினைகள், அண்டை நாடுகள், கடைசியில் தேசப் பாதுகாப்புக்கான உத்திகள் என்று போகிறது. எல்லைப் பகுதிகளுக்கு அழைத்துப்போகிறார்கள், வெளிநாடுகளுக்கும் பயணம் உண்டு. சிறு குழுக்களாகப் பிரித்து விவாதிக்க விடுவார்கள். அதில் சிவில் அதிகாரி சிறுபான்மை. கிராமத்தில் நிலம் எடுப்பதில் என்ன சிக்கல், கலவரத்தில் கலெக்டர் என்ன செய்வார் என்று வரும் கேள்விகளெல்லாம் அவர் தலையில்தான் விழும். ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். அதற்கு எம்.ஃபில். பட்டம் தந்துவந்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம். வெலிங்டன் படிப்புக்கு எம்.எஸ்ஸி. தருவதும் அதே பல்கலைக்கழகம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டது. எப்படியும், பட்டத்துக்காக யாரும் போகும் இடமல்ல அது.

இனி உங்கள் மகள். இருபத்தைந்து ஆண்டு கழித்து வரக்கூடிய ஒரு படிப்பை வைத்து இன்றைய கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தப் பணிகளிலிருந்து ஆட்களை அனுப்புகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பணிகளில் எதை அவள் முப்பது ஆண்டு சலிக்காமல் செய்வாள் என்று யோசியுங்கள். என்.டி.சி. கிடைக்காமலே போனாலும் வருத்தப்படாத வேலையாக அது இருக்க வேண்டும்.

சிவில் சர்வீசஸ் தேர்வு என்றதும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். மட்டுமே நம் வீடுகளில் நினைவுக்கு வருகிறது. அதே தேர்வில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே வேலை தரும் பணிகள் இருக்கின்றன. பாதுகாப்புக் கணக்குப் பணி ஒன்று. ராணுவ நிலங்களையும் கன்டோன்மென்ட் எனப்படும் ராணுவக் குடியிருப்புப் பகுதிகளையும் நிர்வகிக்கும் பாதுகாப்பு எஸ்டேட் பணி இன்னொன்று. உங்கள் வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டின் தலைமைச் செயல் அலுவலர் அந்தப் பணியிலிருந்து வருகிறவர்தான். குடிநீர் வரிக்காக அந்த அலுவலகத்துக்கு நீங்களே போயிருப்பீர்கள். அவர் ராணுவக்காரர் அல்லர், ஆனால் தினமும் ராணுவத்தோடு பேசி வேலை வாங்குகிறவர். மகள் ஆசைப்படும் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது இது என்பது என் கணிப்பு. ஐ.ஏ.எஸ். ரேங்க் வரவில்லை என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆறுதல் பரிசாக இதைப் பார்க்காதீர்கள்.

அறிவியலில் ஈடுபாடு இருந்தால் டி.ஆர்.டி.ஓ. இருக்கிறது. பொறியியல் முடித்து, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, நேர்காணல் வழியாக 'பி' நிலை விஞ்ஞானியாகச் சேரலாம். ஆவடியிலேயே அவர்களுடைய போர் வாகன ஆய்வகம் இருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் அருவங்காடு தொழிற்சாலை 2021 அக்டோபரில் கம்பெனியாக மாறியதால், அந்தப் பக்கத்து வழி முன்போல் இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாநிலத்தில் குரூப் 1 எழுதித் துணை ஆட்சியராகி, பிறகு ஐ.ஏ.எஸ். தகுதி பெறுவது கௌரவமான பாதை. ஆனால் அந்த உயர்வு வருவதற்குள் வயது ஏறிவிடும் என்பதால், இந்த ஆசைக்கு அது தோதுப்படாது.

பாதுகாப்புப் படிப்பில் பட்டம் வாங்கினால் முன்னுரிமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சென்னையில் குருநானக் கல்லூரியில் இளநிலை இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இருக்கிறது. பிடித்தால் படிக்கட்டும்; அந்தப் பட்டம் தேர்வுப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணும் கூட்டாது. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது வேதியியல். 1951-இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்தார், சீருடை போட்டதில்லை. ஆனால் நாட்டின் பாதுகாப்புச் சிந்தனை என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. கார்கில் போருக்குப் பிறகு அமைந்த ஆய்வுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். இன்றைய வெளியுறவு அமைச்சரின் தந்தை. அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பிறகுதான், 2001 முதல், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் முசோரி அகாடமியில் சிவில் அதிகாரிகளும் ராணுவ அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் குறுகிய காலப் பயிற்சி நடக்கிறது. என்.டி.சி. வரை காத்திருக்காமல் முன்பே நுழையக்கூடிய வாசல் அது.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் கெடு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது: "ராணுவத்துக்கு அனுப்ப அவள் அம்மா சம்மதிக்க மாட்டாள் என்று மகளுக்குத் தெரியும்." அப்படியானால் அவள் சிவில் வழியைக் கேட்பது விருப்பத்தாலா, வீட்டுக்குப் பயந்தா? சிவில் சர்வீசஸை அவள் பொதுப் பிரிவில் 32 வயது வரை, பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் 35 வரை எழுதலாம். என்.டி.ஏ. கதவு பத்தொன்பதரை வயதில் மூடிவிடும். 2022 முதல் அங்கே பெண்களும் பயிற்சிக்குச் சேர்ந்துவருகிறார்கள். அவள் கணிதமும் இயற்பியலும் படிக்கிறவள், முப்படைக்கும் தகுதி இருக்கிறது. பட்டம் முடித்த பிறகு, சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியும் உண்டு.

எதை அவள் உண்மையில் விரும்புகிறாள் என்பது தெரியாமல் நான் கல்லூரிப் பெயர் சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு முடிந்த வாரம் அவளையும் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவளிடம் தனியாகத்தான் பேசுவேன். நீங்கள் இருவரும் சிறிது நேரம் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.