ஐந்து கிலோ குறைய எந்த வழி? செம்பூரில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தபோது, உடல் எடையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். மும்பையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பேச்சு முடிந்ததும் துண்டுத் தாள்களில் கேள்விகள் வந்து குவிந்தன. நேரமில்லாமல் பலவற்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் குறைக்க விரும்புவது நான்கு முதல் எட்டு கிலோ வரைதான் என்பதால், அந்த அளவுக்குப் பொருந்தும் பதில்களையே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் 5 கிலோ குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கை மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறை என்கிறாள், அலுவலகத் தோழி நாள்தோறும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறாள், மகன் சோற்றை நிறுத்தச் சொல்கிறான். எதைத் தேர்ந்தெடுப்பது? (வங்கி ஊழியர், செம்பூர்)

பதில்: முதலில் உங்கள் மருத்துவர் சொன்ன எண்ணைச் சிறியதாக நினைக்காதீர்கள். 68 கிலோவில் 5 கிலோ என்பது 7 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது. அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கும் எடையில் 7 விழுக்காடு, வாரத்துக்கு 150 நிமிட நடை என்பவைதான். அந்த வழியில் சென்ற குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

இனி வழிக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவையும் மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக முதல் குழு 5.3 கிலோவும் அடுத்தது 6 கிலோவும் இழந்தன. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு குழுக்களிலுமே 20 கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். ஆகவே உணவுமுறையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

நான் என்னிடம் வருபவர்களை ஒரு நாளை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். மாதக் கடைசி, வங்கியில் கணக்கு முடிக்கும் நாள், திரும்பும்போது லோக்கல் ரயில் தாமதம், வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து விருந்தாளி. அந்த நாளில் உங்களால் கடைப்பிடிக்க முடிவது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நால்வருக்குச் சோறு வடிக்கும் வீட்டில் உங்களுக்கு மட்டும் கீட்டோ என்றால் நாள்தோறும் தனிச் சமையல். அது எத்தனை மாதம் நடக்கும்? காலை உணவில் நாட்டமில்லாதவர்களுக்கு 16 மணி நேர இடைவெளி எளிதாக அமையலாம். ஆனால் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிட முடிகிறது என்றால் மறுநாள் பிற்பகல் 2 மணி வரை காத்திருக்க வேண்டும். 2 மணிக்கு வங்கியில் உங்கள் கையில் கிடைப்பது என்னவாக இருக்கும் என்று நீங்களே அறிவீர்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, இப்போது உண்ணும் உணவிலேயே நாளுக்கு 250 கலோரியை, இல்லாமல் போனதே தெரியாத இடங்களிலிருந்து எடுப்பது. கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாள்தோறும் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் முடிவில் ஏறக்குறைய 1 கிலோ குறையும். அதில் பாதி முதல் ஓராண்டுக்குள் வரும், ஏறக்குறைய முழுவதும் வந்து சேர மூன்றாண்டு ஆகும். 250 கலோரிக்கு முதல் ஆண்டில் 5 கிலோ என்று வருகிறது. மாதத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு என்பது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் என் அனுபவத்தில் மூன்றாம் ஆண்டிலும் திரும்பி வராமல் இருந்த எடை பெரும்பாலும் இப்படி இறங்கியதுதான்.

கேள்வி: நான் எண்ணெயை அதிகம் சேர்ப்பதே இல்லை. ஆனாலும் எடை ஏறுகிறது. (இல்லத்தரசி, மாட்டுங்கா)

பதில்: ஊற்றும் அளவை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, வாங்கும் அளவை வைத்திருப்பார்கள் என்பதால், மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன். நால்வர் இருக்கும் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி; அதுவே ஏறக்குறைய 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்கு 100 கலோரி அளவுக்குக் குறைகிறது, அதுவும் வீட்டில் எல்லோருக்கும்.

உங்கள் மாட்டுங்காவிலேயே ஓர் அம்மாளின் சமையலறையில் நின்று பார்த்திருக்கிறேன். தோசைக்கல்லில் மாவை விரித்துவிட்டு, மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்து ஓரமாக ஒரு சுற்று விட்டார். திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. அடுத்த தோசைக்கு முன் அந்தக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, அதே இரண்டு சுற்றையும் ஓர் அளவுக் கரண்டியில் விடச் சொன்னேன். இரண்டே கால் தேக்கரண்டி வந்தது. நூறு கலோரி, தோசை மாவு தனி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நால்வருக்கான அன்றைய எண்ணெய் 80 மில்லியைக் காலையில் ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதிலிருந்துதான். பெரிய டப்பா அலமாரிக்குள் இருக்கட்டும். அப்பளம் பொரிக்கும் நாளில் மட்டும் அதைத் திறந்துகொள்ளுங்கள், ஆனால் அந்த நாள் வாரத்தில் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: காலை ஆறரைக்குத் தாராவியை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புகிறேன். சாப்பாடு வெளியில்தான். டப்பா கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. 38 வயது, 7 கிலோ கூடுதல். (கூரியர் நிறுவன ஊழியர், தாராவி)

பதில்: தம்பி, டப்பா இல்லாமலும் செய்யலாம். உங்கள் பகுதியிலிருந்துதான் அண்ணாச்சிகள் சைக்கிளில் அடுக்குப் பாத்திரம் கட்டி, ஒலிப்பானை அழுத்திக்கொண்டு நகரமெங்கும் இட்லி விற்கிறார்கள். நான்கு இட்லியும் சாம்பாரும் 300 கலோரி அளவில் முடிந்துவிடும். ஒரே ஒரு வடா பாவும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை, பதினோரு மணிக்கே மறுபடி பசிக்கும். அவரிடமே மெதுவடையைத் தவிர்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு அவித்த முட்டை வாங்கிச் சேர்த்துக்கொண்டால் 12 கிராம் புரதம் கூடும், மதியம் வரை தாங்கும்.

அடுத்தது கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் தேநீர். சாலையோரக் கடைகளில் சர்க்கரை போட்டே கொதிக்க வைப்பதால் சர்க்கரை இல்லாமல் கேட்டுப் பயனில்லை. ஒரு கட்டிங்கில் ஒன்றரைத் தேக்கரண்டி என்று வைத்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் ஆறு கட்டிங்கில் ஒன்பது தேக்கரண்டி. சர்க்கரை மட்டுமே 160 கலோரி. மூன்றாகக் குறையுங்கள். இந்த இரண்டையும் மூன்று மாதம் செய்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

கேள்வி: இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் எடை குறையுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், முலுண்டு)

பதில்: மாற்றுவதால் மட்டும் குறையாது, ஐயா. 150 கிராம் சோறு 200 கலோரி அளவு. 40 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தி, எண்ணெய் தடவுவதற்கு முன்பே 140 கலோரி. மூன்று சாப்பிட்டால் 420. சோறே இருக்கட்டும். முதலில் கூட்டும் பொரியலும் தட்டில் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளட்டும், பருப்போ சுண்டலோ கால் பங்கு, மீதிக் கால் பங்கில் சோறு. மோருக்கென்று தனியாக இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த இரண்டாம் கரண்டியை விட்டுவிட்டு மோரை அப்படியே குடித்தால் போதும்.

கேள்வி: சங்கடஹர சதுர்த்தியும் ஏகாதசியும் தவறாமல் விரதம் இருக்கிறேன். மாதம் மூன்று நாள் பட்டினி கிடந்தும் எடை ஏன் குறையவில்லை? (டோம்பிவிலி)

பதில்: விரத நாளில் என்ன உண்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்: சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பால். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் 350 கலோரி, புரதம் 1 கிராம்கூட இல்லை. அதில் வேர்க்கடலையும் நெய்யும் உருளைக்கிழங்கும் சேரும்போது, ஒரு தட்டு கிச்சடி உங்கள் வழக்கமான மதியச் சாப்பாட்டைத் தாண்டிவிடலாம். விரதத்தை விரதமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு எடைக் கணக்கு வேண்டாம்; ஒருவேளை தயிரும் பழமும் போதும் என்று உங்கள் மனம் ஒப்பினால் நல்லது. நீரிழிவுக்குக் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

கேள்வி: முதல் பத்து நாளில் 3 கிலோ குறைந்தது. அதன் பிறகு ஒரு மாதமாக அசையவில்லை. விட்டுவிடலாமா? (மென்பொருள் பொறியாளர், பவாய்)

பதில்: விட வேண்டாம். உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைத் திடீரென்று குறைத்ததும் அது கரைந்து நீரும் வெளியேறியது, அதுதான் உங்கள் 3 கிலோவில் பெரும்பகுதி. 1 கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது; பத்து நாளில் 3 கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் நாளுக்கு 2,300 கலோரி குறைத்திருக்க வேண்டும், அநேகமாக நீங்கள் உண்பதே அவ்வளவுதான். எடையை வாரம் ஒரு முறை, அதே கிழமையில், காலையில் பார்த்து எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

கேள்வி: ஜூன் வந்தால் நான்கு மாதம் மழை. நடைப்பயிற்சி நின்றுவிடுகிறது. (சயான்)

பதில்: நம் ஊரில் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு மழைக்காலம் என்று தெரிந்துகொண்டே மாட்டுங்காவின் ‘ஃபைவ் கார்டன்ஸ்’ பூங்காவில் நடப்பதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. குடியிருப்பின் மாடிப்படிகளும், ரயில் நிலையத்தின் நடைமேம்பாலமும், வீட்டு நாற்காலியில் கையூன்றாமல் பத்துப் பத்தாக உட்கார்ந்தெழுவதும் மழையிலும் இருக்கும். அரை மணி நேர நடையில் செலவாவது 120 கலோரி அளவுதான், இரண்டு பெரிய பிஸ்கட்டில் திரும்பிவிடும். எடைக் குறைப்பின் பெரும்பகுதி தட்டில்தான் நடக்கிறது. ஆனாலும் நடையை விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது.

கேள்வி: எனக்குத் தைராய்டு குறைபாடு. என்ன செய்தாலும் எடை குறையாதாமே? (காட்கோபர்)

பதில்: தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் உப்பும் நீருமே மிகுதி. மாத்திரையால், தைராய்டு எப்படி இயங்குகிறது என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு சரியாகிவிட்டால் மற்றவர்களுக்கான வழியே உங்களுக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். மாத்திரையும் காபியும் ஒன்றாகப் போனால் மருந்து சரியாக உடலில் சேராது.

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டால் குறையுமா? 5 கிலோதான் கூடுதல். (அந்தேரி)

பதில்: செமக்ளூடைட் போன்ற எடை குறைப்பு ஊசி மருந்துகள் பயனுள்ளவையே, ஆனால் அவை பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து எடை தொடர்பான வேறு நோயும் உள்ளவர்களுக்கும் உரியவை. நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், இரவில் கொள்ளு ரசம். கொழுப்பு கரையுமா? (வடாலா)

பதில்: ஒரு மேசைக்கரண்டித் தேன் 60 கலோரி, அதை விட்டுவிடுங்கள். “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை நானும் மதிக்கிறேன், அதன் பொருள் கொழுப்பைக் கரைப்பது என்று கொள்ளாமல் இருந்தால். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறைகிறது. ரசமாக வடித்தால் அவை அடியில் தங்கிவிடும். சுண்டலாகவோ துவையலாகவோ உண்ணுங்கள்.

கேள்வி: 24 வயது, 160 செ.மீ., 54 கிலோ. டிசம்பரில் திருமணம், அதற்குள் 48 ஆக வேண்டும். (பெயர், ஊர் இல்லை)

பதில்: உங்கள் பி.எம்.ஐ. 21. உங்களிடம் குறைக்க வேண்டிய எடை எதுவும் இல்லை, மகளே. இப்போது பட்டினி கிடந்தால் முடி கொட்டுவதும் மாதவிலக்கு தவறுவதும்தான் மிஞ்சும். முடிந்தால் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைப் பற்றி யாராவது உங்களைப் புண்படுத்தியிருந்தால் அதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு முறை 4 கிலோ குறைத்தேன், இரண்டு முறையும் கணபதிக்கும் தீபாவளிக்கும் இடையில் திரும்பிவிட்டது. (தாணே)

பதில்: அப்படியானால் அந்த இரண்டு மாதமும் குறைக்க முயலவே வேண்டாம், ஏறாமல் நிறுத்துவது மட்டும் வேலை. திங்கட்கிழமைதோறும் எடை பாருங்கள். குறைத்த எடையிலிருந்து ஒன்றரைக் கிலோ கூடிவிட்டால் அன்றே எண்ணெய் டம்ளர் முறைக்குத் திரும்பி ஆறு வாரம் இருங்கள். நான்கு கிலோ ஆகும்வரை காத்திருந்ததுதான் இரண்டு முறையும் நடந்த தவறு. கொழுக்கட்டையும் முறுக்கும் செய்யுங்கள், செய்த அன்றே பாதியை அண்டை வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள். சமையல் மேடை மேல் டப்பா திறந்திருக்கும் நாட்கள் பதினைந்திலிருந்து ஐந்தாகட்டும். கார்த்திகை முதல் திங்களன்று பார்த்த எடையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.