சிவப்பணுவைப் பார்த்தால் நாளைய பி.பி. தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 36. அப்பா, அம்மா இருவருக்குமே பி.பி. உண்டு. எனக்கு இப்போது 128/84. சிவப்பணுக்களுக்குள் உப்பு போய்வரும் வேகத்தை வைத்தே பிற்காலத்தில் பி.பி. வருமா என்று கண்டுபிடிக்கலாம் எனப் படித்தேன். அந்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? ரத்தத்தில் சோடியம் 140, நார்மல்தான். அப்படியானால் உப்பைக் குறைக்க வேண்டியதில்லைதானே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊறுகாயை அள்ளிச் சாப்பிட்டாலும் ரத்த சோடியம் 140-ஐ ஒட்டியே நிற்கும். தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பீர்கள், சிறுநீரகமும் நீரைப் பிடித்து வைக்கும். கூடுவது நீரின் அளவு, செறிவு அல்ல. அந்தக் கூடுதல் நீர் பி.பி.யை ஏற்றலாம். அந்த ரிப்போர்ட்டை உப்புக்கான லைசென்ஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிவப்பணு பற்றி நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், சோடியம் 140 என்றால் சிவப்பணுவுக்குள் 10 அளவில்தான் இருக்கும். பொட்டாசியம் நேரெதிர்: வெளியே 4, உள்ளே 100 அளவில். அணுவின் சவ்வில் இருக்கும் பம்ப், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. வேறு சில வாசல்களும் உண்டு. ரத்தக்குழாயையோ சிறுநீரகத்தையோ கிள்ளிப் பார்க்க முடியாது. சிவப்பணு ஓர் ஊசியில் கிடைத்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சோடியம் போய்வரும் வாசல் ஒன்றில் லித்தியமும் போய்வரும். அதனால் அணுக்களில் லித்தியத்தை ஏற்றி, கழுவி, சோடியம் உள்ள கரைசலிலும் இல்லாத கரைசலிலும் போட்டு, லித்தியம் வெளியேறும் வேகத்தை அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. பி.பி. உள்ளவர்களிடம் இந்த வேகம் கூடுதல் என்று 1980-ல் கனெஸ்ஸா என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். இத்தாலியின் குப்பியோ ஊர் மக்களை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், தொடக்கத்தில் வேகம் கூடியிருந்தவர்களுக்குப் பிறகு பி.பி. வருவதும் கூடுதலாக இருந்தது.

ஆனால் அது கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனி ஆளிடம் வந்தால் பி.பி. உள்ளவர், இல்லாதவர் எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எடையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறினால் வேகமும் ஏறும். அதைத் தேடி அலையாதீர்கள். எந்த எண் வந்தாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான்.

வீட்டில் ஒரு மெஷின் வாங்குங்கள். 5 நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபின், காலையும் மாலையும் ஒரு வாரம் எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு சராசரி பாருங்கள். 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது சமையலறை. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதிலேயே எழுதுங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் வீதம், 4 பெரியவர்கள் உள்ள வீட்டில் 1 கிலோ 50 நாள் வர வேண்டும். கடை ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாம்பார் வழியாக வரும் உப்பு இந்த பாக்கெட்டில் சேராது. 25 நாளிலேயே தீர்ந்துபோனால் எதைக் குறைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு நல்லதுதான். ஆனால் அப்பாவோ அம்மாவோ டெல்மிசார்ட்டான் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிட்டாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம்; அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்புதானே?