செல்லக்குட்டிக்கு ஸ்பானிஷில் என்ன? கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர்கள் பையனை எப்போதும் ‘மீஹோ’ என்கிறார்கள். அது பெயரா?

பதில்: பெயரில்லை. ‘மி ஈஹோ’, அதாவது ‘என் மகன்’, பேச்சில் ஒட்டிக்கொண்டு மீஹோ ஆகிறது. மகள் மீஹா. இன்னும் கொஞ்சினால் மிஹீத்தோ, மிஹீத்தா. பெற்றவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, வயதில் பெரியவர் யாரும் சொல்லலாம்.

கேள்வி: பெண் குழந்தை என்பதால் ‘மி சியெலா’ என்றேன். சிரித்துவிட்டார்கள்!

பதில்: சியெலோ என்றால் வானம். பெயர்ச்சொல், குழந்தைக்காகப் பால் மாறாது. தெசோரோ (புதையல்), கொரசோன் (இதயம்), அமோர் (அன்பு) எல்லாம் அப்படியே. ‘மி வீதா’ (என் உயிரே) பெண்பால் சொல், ஆனாலும் பையனுக்கும் அதுதான். மாறுபவை ரேய்/ரெய்னா (ராஜா, ராணி), நேனே/நேனா (குட்டிப் பையன், குட்டிப் பெண்) போன்றவை.

கேள்வி: கொஞ்சுவதற்காகச் சொல்லின் கடைசியில் ஒட்டும் விகுதி எங்கே ‘இத்தோ’, எங்கே ‘சீத்தோ’?

பதில்: பலர் சறுக்கும் இடம் இது. சொல் ஓ, ஆ என முடிந்தால் அதை வெட்டிவிட்டு இத்தோ, இத்தா: கோர்தோ (குண்டு), கோர்தீத்தோ. இரண்டு அசைக்குக் குறையாமல் ன், ர் என முடிந்தாலும், இரண்டே அசையில் எ என முடிந்தாலும் பெரும்பாலும் சீத்தோ, சீத்தா: அமோர்சீத்தோ, கொரசோன்சீத்தோ, கார்மென்சீத்தா. ‘ல்’ இந்தக் கணக்கில் வராது. ஆங்ஹெல், ஆங்ஹெலீத்தோதான். கார்லோஸ் தன் ‘ஸ்’ஸைக் கடைசிவரை விடமாட்டார்: கார்லீத்தோஸ். ஓரசைச் சொல்லில் ஊருக்கு ஊர் வேறுபாடு. சூரியனான ‘சோல்’ ஸ்பெயினில் சோலெசீத்தோ, லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் சோல்சீத்தோ. எதுவானாலும் அழுத்தம் அந்த ‘ஈ’யில் விழ வேண்டும். முதல் அசையை அழுத்தினால் காதுக்கு ஒட்டாது.

கொலம்பியா, கியூபா, கோஸ்டாரிகாவில் ‘த’ ஒலிக்குப் பின் ‘ஈக்கோ’ வரும். காத்தோ (பூனை) அங்கே காத்தீக்கோ. கோஸ்டாரிகாக்காரர்களுக்கு ‘தீக்கோ’ என்ற பட்டப்பெயர் வந்ததே இதனால்தான்.

கேள்வி: பெற்ற பிள்ளையைப் போய் ‘பாப்பி’ (அப்பா), ‘மாமி’ (அம்மா) என்கிறார்களே?

பதில்: மகனை ‘வாப்பா’, மகளை ‘சொல்லும்மா’ என்கிற நமக்கா இந்தச் சந்தேகம்? கரீபியனிலும் கொலம்பியாவிலும் சர்வசாதாரணம். ஆனால் அறிமுகமில்லாத பெண்ணை ‘மாமி’ என்றால் சீண்டலாகிவிடும்.

கேள்வி: சிலியில் கைக்குழந்தை ‘குவாகுவா’வாமே? நம் குழந்தை அழுகிற சத்தம்!

பதில்: ஆமாம், ஆண்டிஸ் மலைநாடுகளின் சொல். கெச்சுவா மொழியில் ‘வாவா’ என்றால் குழந்தை. சிலியில் ஆண் குழந்தையும் பெண்பாலில்தான் ‘லா குவாகுவா’. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, கேனரித் தீவுகளில் குவாகுவா என்றால் பேருந்து. ‘குவாகுவாவுக்குப் பால் கொடுத்தேன்’ என்று ஹவானாவில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஒல்லிக் குழந்தையைக்கூட ‘கோர்தோ’ (குண்டு) என்பது கேலியா?

பதில்: அர்ஜென்டினாவில் அசல் செல்லம், எடையோடு சம்பந்தமில்லை. நெருங்கியவர்களுக்கே உரிய சொல், வெளியாள் தொட வேண்டாம். பூச்சியைக் குறிக்கும் ‘பீச்சோ’வும் ஸ்பெயினில் ‘பிச்சீத்தோ’ என்று கொஞ்சலாகும். புவேர்ட்டோ ரிக்கோவில் பீச்சோ கெட்ட வார்த்தை. மெக்சிகோவின் ‘எஸ்குயிங்க்லே’ செல்லமே இல்லை, ‘வாலுப் பயலே’ ரகம். மெக்சிகோவின் பழங்குடி மொழியான ‘நவாட்டில்’ மொழியில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

கேள்வி: குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பல நாட்டுப் பிள்ளைகள். எதைச் சொன்னால் வம்பில்லை?

பதில்: கரீன்யோ (அன்பு), கொரசோன். இரண்டும் எல்லா நாட்டிலும் செல்லும், பால் மாற்றும் வேலையும் இல்லை. கரீன்யோவில் ‘ன்ய’வைப் பிரிக்காமல் ‘ஞ’ போல ஒரே ஒலியாகச் சொல்லுங்கள். பெயரோடு ‘இத்தோ’ சேர்ப்பதென்றால், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹொசே பல வீடுகளில் ஹொசேசீத்தோ இல்லை, பேப்பே!