ஹெச்.ஆர். வேலை என்றால் ஆள் எடுப்பது மட்டும்தானா?

ஐயா, வணக்கம். பி.காம். இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், அடுத்து ஹெச்.ஆர்., அதாவது மனிதவள மேலாண்மை, படிக்க வேண்டும் என்கிறார். “நாள் முழுக்க போன் போட்டு ஆட்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் வேலைக்கா இவ்வளவு செலவு?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பலருக்கு முதல் வேலை அப்படித்தான் அமைகிறது. ஆனால் துறை அதோடு முடிந்துவிடுவதில்லை.

பெரிய நிறுவனங்களில் டேலன்ட் மேனேஜ்மென்ட் என்றொரு பிரிவு உண்டு. உள்ளே இருப்பவர்களில் யாரை வளர்ப்பது, எந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பழக்குவது, மேலே இருப்பவர் நாளைக்கே விலகினால் அந்த இடத்துக்கு யார் தயார் என்று பார்ப்பது அவர்கள் வேலை. நாமக்கல் பக்கம் மோகனூரில் அரசுப் பள்ளியில் படித்த என். சந்திரசேகரன், 1987இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி, 2017இல் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவர். உள்ளேயே 22 ஆண்டுகள் வளர்ந்த ஒருவரிடம் டி.சி.எஸ்.ஸை ஒப்படைக்க முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது.

யார் வளரத் தகுந்தவர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பல கம்பெனிகளில் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை வைத்திருப்பார்கள். ஒரு பக்கம், இந்த வருடம் அவர் வேலை எப்படி என்பது. இன்னொரு பக்கம், இதைவிடப் பெரிய பொறுப்பைத் தாங்குவாரா என்பது. மேலாளர்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகப் பேசி ஒரு கட்டத்தில் வைப்பார்கள். சத்தமாகப் பேசுகிறவர் திறமைசாலியாகத் தெரிவார். வேலையை முடித்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போகும் பெண் யார் கண்ணிலும் படமாட்டார். “அவருக்குத் தலைமைப் பண்பு இல்லை என்கிறீர்களே, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று அந்த அறையில் கேட்கத் துணிகிறவர்தான் நல்ல ஹெச்.ஆர். அந்த ஒரு கேள்வியால் ஒருவருடைய பதவி உயர்வே மாறிப்போகலாம். இந்தத் துறையை நான் மதிப்பது இதற்காகத்தான்.

முறையே தவறாக இருந்தால் நல்ல ஆட்களும் கெட்டுப்போவார்கள். மைக்ரோசாஃப்டில் ஒரு காலத்தில், எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் டீமில் சிலரைக் கடைசித் தரத்தில் போட்டே ஆக வேண்டும். பக்கத்து சீட்காரருக்கு உதவினால் நம் தரம் இறங்குமோ என்று பயம் வருமா, வராதா? 2013இல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு இது பொருந்துமா? “மனிதர்களோடு பழகப் பிடிக்கும்” என்பது மட்டும் காரணமாக இருந்தால் போதாது. சம்பளக் கணக்கு, பி.எஃப்., எக்செல், தொழிலாளர் சட்டம் எல்லாம் சலிக்காமல் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக மாற்றியிருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் படித்து வைத்திருப்பவருக்கு மதிப்பு உண்டு. பி.காம். படித்தது இங்கே நன்றாகவே கைகொடுக்கும்.

கல்லூரி விஷயத்தில்தான் கறாராக இருங்கள். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இரண்டும் இந்தப் படிப்புக்குப் பேர்போனவை. முன்னதற்கு ஜனவரியில் நடக்கும் எக்ஸாட் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். சென்னையிலேயே வேண்டுமென்றால் எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் எம்.ஏ. மனிதவளம் இருக்கிறது; அதை முதலில் விசாரியுங்கள். பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்த்தால், நீங்கள் பயப்படுகிற அந்த போன் வேலைதான் கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன், தேர்வு முடிந்த விடுமுறையில் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அலுவலகத்தில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்யட்டும். வருகைப் பதிவு, பி.எஃப். விண்ணப்பம், லீவு தகராறு எல்லாம் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.