ஒரே நிறப் புடவையும் கடைசி நாலு வரியும்

கேள்வி: எனக்கு 42 வயது. கோவில்பட்டி பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். 2000-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட், 25 வருடம் ஆனதற்காக அடுத்த மாதம் பழைய பள்ளிக்கூடத்திலேயே கூடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் 61 பேர். ஒருத்தி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், ஒருவன் தாசில்தார், இரண்டு பேர் பேங்கில். நான் அக்கவுண்டன்சியில் பெயிலாகி, மறுபடி எழுதித்தான் பாஸ் ஆனேன். ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள். பெண்கள் எல்லாரும் மயில்கழுத்து நிறப் புடவை கட்ட வேண்டுமாம். அங்கே போய் என்னவென்று என்னைச் சொல்லிக்கொள்வது? கடைசி பென்ச் ஆள்கள் இப்போதும் எல்லாரிடமும் மார்க் கேட்டுக் கிண்டல் செய்கிறார்கள்.

இன்னொன்று. என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஒருவன் கொடுத்த கடிதத்தைப் பற்றி அவள் அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். பொங்கல் லீவுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணம் முடித்துவிட்டார்கள். அவளும் வருகிறாள். குரூப்பில் எல்லாருக்கும் பதில் போடுகிறாள், எனக்கு மட்டும் இல்லை. நான் போகலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். புடவைக்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தீர்கள். பணத்துக்குக் கால் பக்கம். தோழிக்குக் கடைசியில் நாலே வரி, அதுவும் பேப்பர் தீர்ந்துபோனதுபோல நெருக்கி நெருக்கி. நீங்கள் கேட்க வந்தது அந்த நாலு வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

மார்க். அரசாங்கமே 2017-ல் மாநில ரேங்க் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மொத்த மார்க் 1,200 என்பதும் போய் 600 ஆகிவிட்டது. உங்கள் குரூப்பில் மட்டும் இன்னும் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது கேட்டால், ‘அக்கவுண்டன்சியில போயிருச்சுப்பா, அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணேன்’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால்தான் கிண்டல் தொடரும்.

பணம். 2,000 எதற்கெல்லாம் என்று அட்மினிடம் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் சாப்பாடு, பந்தல், ஆசிரியர்களுக்குச் சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் போக மீதி பள்ளிக்கு நன்கொடை என்று இருக்கும். சாப்பாட்டுப் பணத்தையும் நன்கொடையையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிக்குக் கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. முடிந்தவர்கள் அதன் வழியாகக் கொடுக்கட்டும், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் கொடுக்கட்டும். இப்படிக் கேட்டால் உங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் மூச்சு விடுவார்கள். அவர்களும் வாய் திறக்காமல்தான் இருப்பார்கள்.

புடவை. எனக்கு இந்த ஒரே நிற ஏற்பாடு பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் தையல்காரர். அத்தனை பெண்களுக்கும் ஒரே நிறத்தில் ப்ளவுஸ், ஒரே மாதத்தில். ஃபால்ஸ், ஓரம் அடிப்பது வேறு. அங்கே என்னவென்று சொல்லிக்கொள்வது என்று கேட்கிறீர்களே, இன்றைக்கே குரூப்பில் கடைப் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாக்காரி முதல் ஆளாக வருவாள். அங்கே தைக்கிற கூலிக்கு இங்கே புடவையே எடுத்துவிடலாம்.

சரி, இப்போது அந்த நாலு வரி.

அவளுக்கு விஷயம் தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாள் என்பது உங்கள் ஊகம். 61 பேர் காலை வணக்கம் போடும் இடத்தில் யார் யாருக்குப் பதில் போடவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பது, மனசில் முள் இருப்பவர்கள் மட்டும்தான். அவளுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமல், அந்தக் கடிதத்தைக் காட்டிக்கொடுத்தது தம்பிதான் என்று 25 வருடமாக அவனைத் திட்டிக்கொண்டும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் நீங்கள் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சந்திப்பு நடக்கும் நாளில் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லவே வேண்டாம்.

ஏன் என்றால், அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் 1985 செட். எங்கள் சந்திப்பில் ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பெயர், வேலை, எத்தனை பிள்ளைகள். ஒருத்தி பெயரைச் சொல்லிவிட்டு நின்றாள். கீழே இருந்து நான்தான், ‘பிள்ளைங்க எத்தனைன்னு சொல்லுடீ’ என்று கத்தினேன். அவளுக்கு இருந்த ஒரே பையன் இரண்டு வருடம் முன்னால் விபத்தில் போயிருந்தான். எனக்குத் தெரியாது. அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் அவளைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து அழுதேன். அதுவும் தப்பு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இலையில் சோற்றை வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, அவள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால், கேட்கப்படுகிறவருக்கு வேறு வழி இல்லை. சிரித்து ‘விடுடீ’ என்று சொல்லியாக வேண்டும். உங்கள் தோழிக்கு அந்த நெருக்கடியைக் கொடுக்காதீர்கள். படிப்பு பாதியில் நின்றவள், பரீட்சை எழுதாதவள், அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்ப வருகிறாள் என்றால், அவளுக்கு அங்கே எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. மர நிழலோ, கடலைமிட்டாய் வாங்கித் தின்ற மதில் சுவரோ, தமிழ் டீச்சரோ. அந்த நாளை உங்கள் விஷயத்தால் நிரப்பிவிட வேண்டாம்.

ஆகவே முன்னாலேயே, போனில். குரூப்பில் இல்லை, தனியாக. கவனமாகக் கேளுங்கள்: கடிதம் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத்தில் போடாதீர்கள், வாய்ஸ் மெசேஜிலும் சொல்லாதீர்கள். நம் ஊரில் ஒரு பெண்ணின் போனை அவள் வீட்டுக்காரர் பார்ப்பார், பிள்ளைகள் பார்ப்பார்கள், மாமியார் கையிலும் இருக்கும். அன்றைக்கு ஒரு கடிதம் வேறு கைக்குப் போனதால் நடந்தது போதும். இவ்வளவு மட்டும் அனுப்புங்கள்: ‘நான்தான், ட்வெல்த்துல உன் பக்கத்துல உக்காந்தவ. உங்கிட்ட ஒரு பழைய விஷயம் சொல்லணும். உனக்குத் தோதான நேரம் சொன்னா நானே கூப்பிடுறேன். இஷ்டமில்லேன்னா பதில் போட வேண்டாம்.’

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெகி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொல்கிறது: தொடர்பு விட்டுப்போனவரை நாம் தேடிப் பேசினால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். தைரியத்துக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கதையில் ஒரு காயம் நடுவில் கிடக்கிறது, அதனால் இதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். நீல டிக் விழுந்து பதில் வராமலே போகலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு தோழியைத் தூது அனுப்பாதீர்கள். சந்திப்புக்குப் போங்கள், வேறு வரிசையில் உட்காருங்கள்.

பேசக் கிடைத்தால், சுருக்கமாக. ‘உன் அம்மாகிட்ட சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது. அதனால உன் படிப்பு நின்னுச்சு.’ அவ்வளவுதான். ‘சின்னப் பிள்ளையா இருந்தோம்’, ‘உன் நல்லதுக்குத்தான்’, ‘இப்ப நீ நல்லாத்தானே இருக்கே’, இந்த மூன்றும் வாயில் வரவே கூடாது. முக்கியமாக மூன்றாவது. அதைச் சொல்ல அவளுக்கு மட்டும்தான் உரிமை.

அவள் கோபப்பட்டால் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்குடீ இப்ப’ என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் கொடுத்தவர் குரூப்பில் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரை இதற்குள் இழுக்காதீர்கள்.

உங்களுக்காகவும் ஒன்று. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குத் திருமண வயது 18 என்று 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. 17 வயதுப் பெண்ணைப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியிலிருந்து நிறுத்தி மணவறையில் உட்கார வைத்தவர்கள் பெரியவர்கள். நீங்கள் வாயை விட்டீர்கள், அது உங்கள் கணக்கு. மீதியையும் சேர்த்து நீங்கள்தான் 25 வருடம் சுமந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு கடிதம் தெரியவந்தபோது, மகளைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொண்ட அம்மாக்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்னாலாவது அந்த மெசேஜை அனுப்பிவிடுங்கள், யோசிக்க அவளுக்கு நேரம் வேண்டும். எல்லாருக்கும் ப்ளவுஸ் தைக்கச் சொன்னேன், ஆனால் அவளிடம் மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். அளவு எடுக்க அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவளாக வரட்டும்.