ஓ'பிரையனில் உள்ள 'ஓ'

கேள்வி: ஓ'பிரையன் என்னும் அயர்லாந்துக் குடும்பப் பெயரின் முன்னால் நிற்கும் 'ஓ' எதைக் குறிக்கிறது? அப்பெயர் எவ்வாறு தோன்றியது?

பதில்: ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். ('மாக்' என்றால் மகன்.) ஆகவே ஓ'பிரையன் என்பவர் பிரையனின் வழிவந்தவர். மன்ஸ்டர் பகுதியிலிருந்து எழுந்து அயர்லாந்தின் பேரரசராகி, 1014ஆம் ஆண்டு டப்ளினுக்கு அருகே குளோன்டார்ஃபில் நடந்த போரில், தம் படை வெற்றிபெற்ற அதே நாளில் கொல்லப்பட்ட பிரையன் போருவே அந்தப் பிரையன். அவருடைய பேரர்களின் தலைமுறையிலிருந்து அப்பெயர் குடும்பப் பெயராக நிலைபெற்றது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர்களை மிக முன்னதாகவே கைக்கொண்ட நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்றைய கிளேர், லிமரிக் வட்டாரங்களை உள்ளடக்கிய தோமண்டை இக்குடும்பத்தினர் ஆண்டனர். 1543இல் மரோ ஓ'பிரையன் தம் அரசுரிமையை இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்துப் பிரபுப் பட்டம் பெற்றார். மானம் கருதுவோருக்கு இது கசப்பான பேரமாகவே தோன்றும். ஆங்கிலேய ஆதிக்கம் இறுகியபோது பலர் 'ஓ'வைக் கைவிட்டு வெறும் பிரையன் ஆனார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியோடு பலர் அதை மீட்டுக்கொண்டனர்.

ஐரிஷ் எழுத்தில் 'ஓ'வின் மேல் நெடில் குறிதான் உண்டு. பக்கத்தில் நிற்கும் ஒற்றைக் குறி ஆங்கில வழக்கு. இன்னொன்று: ஐரிஷ் வடிவத்தில் மகளின் பெயரில் 'ஓ' வராது, 'நீ' வரும். நம் 'நீ'க்கும் அதற்கும் உறவில்லை.